இரண்டாவது கன்றின் பங்கு

பெரில் கன்று போட்ட செய்தி, கன்றின் காது காய்வதற்கு முன்பே ஆக்லாந்தின் மறுமூலையிலிருக்கும் பாபடோயிட்டோய் வரைக்கும் போய்விட்டது. பெரில் ஒரு ஜெர்சிப் பசு. பெயர் வைத்தது முந்தைய சொந்தக்காரரான கிரேம் என்ற வெள்ளைக்காரர். அது அவருடைய மாமியாரின் பெயர் என்றும், வைத்ததற்குக் காரணம் பாசம் இல்லை என்றும் அக்கம்பக்கத்தில் பேச்சு. செல்வரத்தினம் பசுவை வாங்கியதும் காமதேனு என்று மாற்றிப் பார்த்தார். பசு ஒரு வாரம் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. பெரில் பெரிலாகவே இருந்துவிட்டது.

செல்வரத்தினம் ஆக்லாந்துத் தமிழர்களுக்கு மோர்கேஜ் என்கிற வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிற தொழில் செய்பவர். பிறந்து வளர்ந்தது கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில். தலை நரைத்த பிறகு திடீரென்று மண்ணாசை பிடித்து, வெஸ்ட்கேட் கடைகளைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களும் கம்பளிக்காக வளர்க்கிற அல்பாக்காக்களும் ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டரை ஏக்கர் வாங்கினார். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, அது பால் தரும். மற்றது, கன்று போட்டவுடன் வருகிற மஞ்சள் நிறப் பாலுக்குக் கடும்பு என்று பெயர். சர்க்கரை போட்டு அவித்தால் அது கட்டியாகும். அதை நாலு வீட்டுக்குக் கொடுத்தாகவேண்டும். சின்ன வயதில் யாரோ கொடுத்து ஒரே ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறார். அந்த ஒரு கிண்ணத்துக்காகத்தான் இரண்டரை ஏக்கரும் பசுவும் என்று அவர் மனைவி ரதிதேவி சொல்வதில் மிகை அதிகமில்லை.

இந்தப் பண்ணையின் அறிவியல் ஆலோசகர் கௌசிகன். செல்வரத்தினத்தின் தம்பி மகன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் வருடம். நோயெதிர்ப்புப் பாடத்தில் ஏ மைனஸ். அந்த மைனஸை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஏ வகையறா என்று மட்டும் சொல்வான். பெரிலுக்கு நாள் நெருங்கியதும் பெரியப்பா வீட்டிலேயே வந்து தங்கிவிட்டான்.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடிகிற நேரத்தில் கன்று விழுந்தது. சிவப்பு நிறம், கிடேரி. தட்டுத்தடுமாறி எழுந்து, முதலில் பெரிலின் முன்னங்காலிலும் பிறகு செல்வரத்தினத்தின் கால்சட்டையிலும் பால் தேடி, கடைசியில் சரியான இடத்துக்கு வந்து வயிறு முட்டக் குடித்தது. கௌசிகன் கைகட்டி நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினான். கன்றுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, மடியில் மிச்சமிருப்பது உபரி, தாராளமாகக் கறக்கலாம் என்றான். கறந்ததும் அவன்தான். இணையத்தில் பார்த்துப் பழகியிருந்தான். கடைசிச் சொட்டு வரைக்கும் கறப்பதுதான் மடிக்கு நல்லது என்று எங்கேயோ வாசித்திருந்ததால், கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்தான்.

மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்கள் நிறைந்தன. நியூசிலாந்துக்கு வந்த தமிழர்கள் எவரும் ஐஸ்கிரீம் தீர்ந்த டப்பாவை எறிந்ததாக வரலாறு கிடையாது. ஒன்று வெஸ்ட்கேட்டில் புது வீடு கட்டிப் போயிருக்கும் நிசாந்தினிக்கு. இன்னொன்று ஏவன்டேலில் இருக்கும் சிந்துவுக்கு. அவள் கோயம்புத்தூர்ப் பெண், கணவன் ஆதவன் ஐடி வேலை, இவளுக்கு எட்டாம் மாதம். அவளுடைய மாமியார் ஊரிலிருந்து பிரசவம் பார்க்க வந்திருந்தார். மூன்றாவது பாபடோயிட்டோயில் நவரத்தினம், அன்னம் தம்பதிக்கு. முதன்முதலாக இந்த நாட்டில் வந்து இறங்கியபோது செல்வரத்தினத்துக்கு அவர்கள் வீட்டில்தான் படுக்கை கிடைத்தது.

கௌசிகன் காரில் கிளம்பினான். முதலில் வெஸ்ட்கேட், பிறகு ஏவன்டேல். ஏவன்டேலில் சிந்து கதவைத் திறந்து டப்பாவை வாங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மூடியைத் திறந்து மஞ்சளாக, கெட்டியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். சீம்பால், சீம்பால் என்று நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். வாசனை பிடிக்காமல் சோற்றைக்கூடத் தள்ளிவைத்தவளுக்கு இது ஒன்றின்மேல்தான் ஆசை. ஆதவன் ஆக்லாந்திலுள்ள எல்லாக் கடைகளிலும் விசாரித்து, மாத்திரையாகத்தான் இருக்கிறது என்ற பதிலோடு திரும்பி வந்து திட்டு வாங்கியிருக்கிறான். கௌசிகன் தானே கன்று போட்டவன் போன்ற பெருமையோடு அங்கிருந்து புறப்பட்டான்.

பாபடோயிட்டோயில் அன்னம் மாமி அடுப்பை ஏற்கெனவே மூட்டியிருந்தார். பனங்கட்டி இடித்து, ஏலக்காய் பொடித்து, நீராவிப் பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. டப்பா வாசலைத் தாண்டிய வேகத்தில் பானைக்குள் போய்விட்டது. சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவனை மேசையில் உட்காரவைத்தார்கள். அவித்தது வரும்வரை நவரத்தினம் மாமா அவனிடம் ஒரு கேள்வி கேட்டார். மாவு இல்லை, முட்டை இல்லை, இது எப்படிக் கட்டியாகிறது?

கேட்டிருக்கக் கூடாது. கௌசிகன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் வயிற்றில் இருக்கும்போதே கொடி வழியாகப் போய்விடும். மாட்டுக்கு அப்படியில்லை, மாட்டின் கொடி அவ்வளவு பெரிய புரதத்தை விடாது. ஆகவே கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்குச் சேரவேண்டிய அத்தனையையும் தாய் கடும்பில்தான் வைத்திருக்கிறது. கன்றின் குடலும் அதற்கு ஒத்துழைக்கும். பிறந்த சில மணி நேரத்துக்கு அந்தக் குடல், எவ்வளவு பெரிய புரதம் வந்தாலும் செரிக்காமல், வெட்டாமல், பாஸ்போர்ட்கூடக் கேட்காமல் முழுசாக இரத்தத்துக்குள் விடும். பிறகு விசா வகைகளை ஒவ்வொன்றாக மூடுவதுபோல மூடிக்கொண்டே வரும். ஒரு நாள் போனால் எல்லை முழுக்க அடைப்பு. அதற்குப் பிறகு பீப்பாய் பீப்பாயாகக் குடித்தாலும் அது வெறும் சாப்பாடுதான்.

விசா உவமை நவரத்தினத்துக்கு நன்றாக ஏறியது. அவர் மூன்று வகையில் விண்ணப்பித்து நான்காவதில் உள்ளே வந்தவர்.

"அப்ப கட்டியாகிறது?" என்று அவர் விடவில்லை.

"அதே புரதம்தான் மாமா. சூடு பட்டதும் சுருண்டு ஒண்டோடை ஒண்டு பிடிச்சுக்கொள்ளும். கட்டியானால் செத்துப்போச்செண்டு அர்த்தம். எங்களுக்கு அது பிரச்சினையில்லை, எங்களுக்கு ருசிதானே."

அன்னம் மாமி தட்டை வைத்தார். பழுப்பு நிறத்தில், சதுரம் சதுரமாக, தொட்டால் மெல்ல ஆடுகிற கடும்பு. கௌசிகன் ஒரு துண்டு வாயில் போட்டான். அப்போதுதான் போன் வந்தது.

"தம்பி," என்றார் பெரியப்பா. "இன்னொண்டு வருது."

"என்ன இன்னொண்டு?"

"கண்டு. இளங்கொடி விழுமெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், ரெண்டு குளம்பு தெரியுது. இப்ப தலையும் வந்திட்டுது. இரட்டை, தம்பி." மூச்சு வாங்கிக்கொண்டார். "பாலெல்லாம் எங்க?"

கௌசிகன் தட்டைப் பார்த்தான். தட்டில் இருந்தது லேசாக ஆடியது.

ஒருவர் மோர்கேஜ் நிபுணர், மற்றவர் ஏ மைனஸ். ஒருவருக்கும் பசுவின் வயிற்றில் இன்னொன்று இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை. பெரிலிடமும் யாரும் கேட்கவில்லை.

அவன் வாசலுக்கு வந்து கால்நடை மருத்துவரை அழைத்தான். அந்தப் பெண்ணின் பின்னணியில் வேறு மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. கன்று போடுகிற பருவம். அவர் நிதானமாகச் சில கேள்விகள் கேட்டார். மடியில் ஏதாவது இருக்கிறதா? ஒரு கப்பும் தேறாது, சற்று முன்புதான் மூத்ததும் இரண்டாம் முறை போய் முட்டிப் பார்த்ததாகப் பெரியப்பா சொல்லியிருந்தார். இனிமேல் ஊறி வருவதில் சத்து பாதியாகிவிடும், அதுவும் சாயங்காலம் ஆகும், காத்திருக்க வேண்டாம் என்றார். பக்கத்தில் பால் பண்ணை உண்டா? ஐந்து வேலிகளுக்குள் அல்பாக்கா உண்டு, திராட்சை உண்டு, கலியாண மண்டபம்கூட உண்டு. பசு பெரில் ஒன்றுதான். கடைகளில் விற்கிற கடும்புப் பவுடர்? அது போன வாரமே தீர்ந்துவிட்டது, செவ்வாய்க்கிழமைதான் வரும் என்று மருத்துவரே சொன்னார். கறந்த பால் எங்கே போனது என்று கடைசியாகக் கேட்டார். கௌசிகன் சொன்னான். எதிர்முனையில் மாடுகள் மட்டும் சிறிது நேரம் பேசின.

காய்ச்சாததாக ஒரு டப்பா கிடைத்தாலும் போதும், சின்னக் கன்றுதானே, மத்தியானத்துக்குள் கொடுத்துவிடு என்றார் அவர். கொதிக்கவைக்காதே என்று இரண்டு முறை சொன்னார்.

கௌசிகன் உள்ளே வந்து அன்னம் மாமியிடம் விடைபெற்றான். நவரத்தினம் மாமா தட்டைத் தள்ளிவைத்துவிட்டிருந்தார். சாப்பிட முடியவில்லை என்றார், விளக்கம் நல்லாத்தான் இருந்தது என்றும் சொன்னார்.

தென்மேற்கு மோட்டார்வேயில் ஏறியதும் நிசாந்தினிக்குப் போன் போட்டான். நிசாந்தினி உணவுப் பாதுகாப்பு அதிகாரி. சூடாக்காத எதையும் நம்பாதவள். டப்பா வந்தவுடன் கிருமி சாகட்டும் என்று மைக்ரோவேவில் முழுச் சூட்டில் வைத்திருக்கிறாள்.

"ரப்பர் மாதிரி வந்திட்டுது கௌசி," என்றாள். "நாய்க்குப் போட்டன். அது இன்னும் சப்பிக்கொண்டிருக்கு. உங்கட மாட்டில ஏதும் வருத்தமோ?"

இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தான். உடனே பெரியப்பாவின் போன் வந்தது. கன்று விழுந்துவிட்டதாம், காளை, முதலாவதைவிடச் சின்னது, கறுப்பு. எழும்பவில்லை, கண் மட்டும் முழித்துப் பார்க்கிறது. தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, ரதிதேவியின் தலைமுடி காயவைக்கிற மெஷினால் சூடுகாட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு யோசனை. ஏர்போர்ட் கடைகளில் கடும்பு மாத்திரை விற்கிறார்களே, நீ அந்தப் பக்கம்தானே நிற்கிறாய், நாலு போத்தல் வாங்கிக் கரைத்தால் என்ன? மருத்துவரிடமும் கேட்டாராம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மரியாதையாக, வேண்டாம் என்றிருக்கிறார்.

ஆக, மிச்சம் ஏவன்டேல்.

சுரங்கப் பாதைக்குள் போகும்போது கௌசிகனுக்கு ஒன்று புரிந்தது. கொடுத்த கடும்பைத் திருப்பிக் கேட்பது என்பது எந்த ஊர்த் தமிழரும் செய்யாத காரியம். அதையும் ஒரு கர்ப்பிணியின் கையிலிருந்து. இதற்குப் பாடத்திட்டத்தில் ஒன்றும் இல்லை. சிந்துவும் அவித்திருந்தால் நிம்மதி என்றுகூட ஒரு கணம் நினைத்தான். பிறகு அந்தக் கறுப்புக் கன்று நினைவுக்கு வந்தது. இன்னும் பார்க்காத கன்று. அதன் பங்கைக் கறந்து டப்பாவில் ஊற்றி மூடி போட்டது இந்த இரண்டு கை.

ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேலில் சந்தை. குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி, கீரைக் கட்டும் கையுமாக ஜனங்கள் நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். ஹாரன் அடிக்கிற நாடாக இருந்தால் அடித்திருப்பான். இங்கே அடித்தால் எல்லாரும் திரும்பிப் பார்த்து, யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று வருத்தப்படுவார்கள்.

சிந்துதான் கதவைத் திறந்தாள். மாமியார் வெல்லம் வாங்கப் போயிருக்கிறார், வந்ததும் அவிக்கவேண்டியதுதான் பாக்கி என்றாள். டப்பா ஃபிரிட்ஜில், தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடியதாகச் சொல்லிச் சிரித்தாள்.

கௌசிகன் தண்ணீர் கேட்டுக் குடித்தான். ஆதவன் அண்ணன் எங்கே என்று கேட்டான். வெலிங்டனில் என்பது அவனுக்கே தெரியும். நடக்கிறீங்களா அக்கா, நடக்கிறது நல்லது என்றான். இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

"என்ன விஷயம் கௌசி?" என்றாள் சிந்து.

சொன்னான். சொல்லி முடிக்கும் முன்பே மாமியார் சாந்தகுமாரி வந்துவிட்டார். ஈரோட்டில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வெல்லம், தேங்காய், ஒரு கட்டு வெந்தயக்கீரை. நடந்ததை முதலிலிருந்து மறுபடியும் சொல்லச் சொன்னார். வங்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பதுபோலக் கேட்டார்.

"அதாவது தம்பி, காலைல நீங்களா வந்து குடுத்தீங்க. இப்ப மத்தியானத்துக்குள்ள நீங்களே வந்து கேக்கறீங்க."

"ஓம் அம்மா."

"முப்பத்தோரு வருசம் பேங்க்ல இருந்தேன். குடுத்துட்டு இவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கேட்டது நாங்ககூட இல்லீங்க." வெல்லத்தை மேசைமேல் வைத்தார். "மாசமா இருக்கற புள்ளைக்கு ஆசைப்பட்டதைக் கண்ணுல காட்டிட்டுத் திருப்பி எடுத்துட்டா, பொறக்கற குழந்தைக்குக் காதுல சீழ் வடியும்பாங்க. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. ஆனா வடிஞ்சா யாரு பொறுப்பு?"

கௌசிகன் புரதம் பற்றி ஆரம்பித்தான். குடல் சுவர் பற்றி ஒரு வாக்கியம் சொன்னான். காலையில் பாபடோயிட்டோயில் அருவியாகக் கொட்டியது இங்கே சொட்டுச் சொட்டாக வந்தது. விசா உவமை நினைவுக்கு வந்தது. சாந்தகுமாரி விசிட்டர் விசாவில் இருந்ததால் விட்டுவிட்டான்.

சிந்து இடைமறித்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். இது இல்லாட்டி அது செத்துருமா?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற கௌசிகன் சொன்னான்:

"தெரியாது அக்கா. சாகாமலும் இருக்கும். ஆனா ஒரு காய்ச்சல், ஒரு வயித்தோட்டம் வந்தால் எதிர்த்து நிக்க அதுக்கிட்ட ஒண்டும் இருக்காது. கனக்கக் கண்டுகள் அப்பிடித்தான் போறது." கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "உங்கட பிள்ளைக்கு நீங்க ஏற்கெனவே குடுத்துக்கொண்டிருக்கிறீங்க. இப்ப, கதைச்சுக்கொண்டு நிக்கேக்கையும் போய்க்கொண்டிருக்கு. பெரிலுக்கு அந்த வழி இல்லை. அது குடுக்கவேண்டியதெல்லாம் உங்கட ஃபிரிட்ஜுக்குள்ளதான் இருக்கு."

வெளியே ரயில் ஒன்று போனது. சிந்து வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்தாள்.

"நான்தான் வந்து குடுப்பேன்," என்றாள்.

"நீ எங்கடி வர்றே?" என்றார் மாமியார்.

"ஆசைப்பட்டதைக் கண்ணுல காட்டிட்டு எடுத்தாத்தானே அத்தை காதுல வடியும்? நானே குடுத்துட்டா?"

சாந்தகுமாரி அந்த விதியின் உட்பிரிவுகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். இப்படி ஒரு நேர்வுக்கு அதில் இடம் இல்லை. சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வடமேற்கு மோட்டார்வேயில் சிந்து முன் சீட்டில், சாந்தகுமாரி பின்னால். டப்பா சால்வையில் சுற்றி அவர் மடியில். பக்கத்தில் ஒரு பையில் வெல்லமும் ஒரு கிண்ணமும். அது எதற்கு என்று கௌசிகன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். கன்று முழுதையும் குடிக்கும் என்று என்ன நிச்சயம் என்றார். வெஸ்ட்கேட்டைத் தாண்டும்போது, வழியில் கௌசிகன் கதை சொன்ன நிசாந்தினியின் வீட்டு மாடி சன்னலில் ஒரு நாய் எதையோ மென்றுகொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சாந்தகுமாரி பிறகு சொன்னார். நெடுஞ்சாலையிலிருந்து அந்த வீடு தெரியாது.

கொட்டகையில் செல்வரத்தினம் வைக்கோலில் மண்டியிட்டிருந்தார். கன்று அவருடைய கோட்டுக்குள் கிடந்தது. வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போகிற சாம்பல் கோட். எட்டு மாத வயிற்றோடு சிந்துவே டப்பாவைக் கொண்டுவருவதைக் கண்டதும் எழுந்து நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், தலைமுடி மெஷினை அணைத்துவிட்டு, "வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்று ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார்.

சாந்தகுமாரி அடுப்பு எங்கே என்றார். அடுப்பு வேண்டாம் என்றான் கௌசிகன். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் எடுத்து, அதற்குள் டப்பாவை வைத்து, கலக்கிக்கொண்டே இருந்தான். அடிக்கடி விரலைவிட்டுப் பார்த்தான். ஒரு சொட்டு கட்டியாகிவிடுமோ என்று அவனுக்குப் பயம்.  பிறகு கிரேம் பசுவோடு தந்திருந்த சிவப்புக் காம்பு போத்தலில் ஊற்றி, சொன்னபடி சிந்துவிடம் கொடுத்தான்.

கன்று குடிக்கவில்லை. காம்பை வாயில் வைத்தால் நாக்கு அப்படியே கிடந்தது. பால் கடைவாயில் வழிந்து கோட்டின் பைக்குள் போனது. சிந்து மறுபடி வைத்தாள், மறுபடியும் வழிந்தது. வழிந்த ஒவ்வொரு சொட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது. செல்வரத்தினம் வேறு பக்கம் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே பெரில் மூத்த கன்றை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே நடப்பதில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல.

"காம்பை எடுங்க அக்கா," என்றான் கௌசிகன். "விரல்."

"என்ன விரல்?"

"விரலைப் பாலில தோய்ச்சு வாய்க்குள்ள விடுங்க. மேலண்ணத்தைத் தடவிப் பாருங்க. டாக்டர் சொன்னவ, மறந்துபோனன்."

சிந்து வாளியிலிருந்து மெல்ல இறங்கி வைக்கோலில் உட்கார்ந்தாள். சாந்தகுமாரி அவள் முதுகுக்குப் பின்னால் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து நின்றார். விரலை உள்ளே விட்டாள். முதலில் ஒன்றும் இல்லை. கன்றின் காது ஒருமுறை அசைந்தது. பிறகு அவள் முகம் மாறியது.

"நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கு," என்றாள். "இழுக்குது."

விரலோடு விரலாகக் காம்பையும் நுழைத்துவிட்டு, கௌசிகன் சொன்னபடி விரலை உருவிக்கொண்டாள். கன்று தன்னை ஏமாற்றியதைக் கவனிக்கவில்லை. சப்பென்று ஒரு சத்தம், இடைவெளி, இன்னொரு சத்தம். போத்தலில் குமிழி ஏறியது. கழுத்து நீண்டுகொண்டு வந்தது. இரண்டாவது போத்தலுக்கு முன்னங்கால்கள் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டன.  

டப்பாவின் அடியில் ஒரு கிண்ணம் அளவு மிஞ்சியபோது கன்று இளைப்பாறியது. எல்லாரும் டப்பாவைப் பார்த்தார்கள். சாந்தகுமாரி பையிலிருந்த கிண்ணத்தையும் பார்த்தார், சிந்துவையும் பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்துச் சாய்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, மிச்சத்தையும் போத்தலிலேயே ஊற்றினார்.

"கணக்கை முடிச்சுடலாங்க," என்றார்.

இரண்டு நாள் கழித்து மருத்துவர் வந்து இரண்டு கன்றுகளுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். புரதம் இரண்டுக்கும் போதிய அளவு ஏறியிருந்தது. கறுப்புக் கன்றுக்கு ஒரு பிடி கூடுதலாகவே. கௌசிகன் காரணம் சொல்ல வாயெடுத்தான். பிறகு, என்ன நினைத்தானோ, மருத்துவரின் பையைத் தூக்கிக்கொண்டு கார்வரை போய்விட்டு வந்தான்.

செல்வரத்தினத்துக்கு ஏவன்டேல் வீட்டுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கியது உறுத்திக்கொண்டேயிருந்தது. கன்றுகள் இரண்டும் குடித்த பிறகு, மூன்றாம் நாள் பாலில் ஒரு டப்பா கறந்து, இந்த முறை தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று சாயங்காலம் சிந்து கௌசிகனைக் கூப்பிட்டாள். அத்தை வெல்லம் போட்டு, ஏலக்காய் போட்டு, இரண்டு தடவை அவித்துவிட்டாராம். கட்டியாகவில்லை. ஓரத்தில் கொஞ்சம் திரிதிரியாக வந்ததோடு சரி. பாயசம் மாதிரி டம்ளரில் ஊற்றித்தான் குடித்தாளாம்.

"அது ஏனெண்டால் அக்கா, மூண்டாம் நாள்..."

"விளக்கம் வேண்டாம். கட்டியாக வேண்டியது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். அது என்ன பண்ணுது இப்ப?"

கௌசிகன் போனை வேலிப்பக்கம் திருப்பிப் பிடித்தான். மூத்த கன்றுக்குக் காமதேனு என்ற பெயர் கடைசியில் கிடைத்துவிட்டது. அதை யாரும் மறுக்கவில்லை. கறுப்புக் கன்றுக்கு செல்வரத்தினம் ஏவன்டேல் என்று பேர் வைத்திருந்தார். ஏவன்டேல் வாலைத் தூக்கிக்கொண்டு, எந்தக் காரணமும் இல்லாமல், அல்பாக்கா வேலிக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அல்பாக்காக்கள் கழுத்தை நீட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

செப்டம்பர் கடைசியில் சிந்துவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐஸ்கிரீம் டப்பா முறுக்கு நிரம்பி செல்வரத்தினத்தின் வீட்டுக்குத் திரும்பி வந்தது. குழந்தையைப் பார்க்கப் போன கௌசிகனிடம், தனக்கு இந்த மாதிரிப் பேச்சுகளில் நம்பிக்கை கிடையாது என்று சாந்தகுமாரி இன்னொரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு, குழந்தையைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு காதைப் பார்த்தார். திருப்பி, மற்றக் காதையும் பார்த்தார்.